நிறைவு செய்யும் ஐந்தாமவர்

மழை விடாது பெய்யும் ஒரு விடுமுறை நாள். குன்னத்துகாலில் ஒரு வீட்டுத் திண்ணையில் ஆறு தோழர்கள் கூடிக் கற்பனைப் பயண விளையாட்டு ஒன்றைத் தொடங்குகின்றனர். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்ற ஐவரும் அக்கதையில் ஆளுக்கொரு வேடம் ஏற்க வேண்டும். இருவர் வாள்வீரராயினர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் பூட்டைத் திறக்கும் கள்வர். இப்போது ஐந்தாமவரின் முறை. அவருக்கும் வாள் ஏந்தவே விருப்பம். அவர் என்ன செய்வது நன்று?

இவ்வகை விளையாட்டு 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்னும் இருவரால் அச்சில் வெளியிடப்பட்டது. அதன் பெயர் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்'. இதில் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் வெல்ல முயல்வதில்லை. அனைவரும் ஒரே அணியாகக் காடும் குகையும் கடந்து இடர்களை எதிர்கொள்கின்றனர். ஒரு செயல் கைகூடுமா என்பதை இருபது முகங்கள் கொண்ட பகடை முடிவு செய்யும்.

முதற்பதிப்பில் மூன்று வகை வேடங்களே இருந்தன: வீரர், மந்திரவாதி, சமயகுரு. 1975இல் வந்த இணைப்பு நூலில் கள்வர் சேர்க்கப்பட்டார். ஒவ்வொரு வேடத்துக்கும் ஒரு வலிமையும் ஒரு குறையும் உண்டு. வீரர் கவசம் அணிந்து முன்னே நின்று அடியைத் தாங்குவார். ஆனால் மந்திரம் அறியார். மந்திரவாதி ஒரே மந்திரத்தால் பலரை வீழ்த்துவார். ஆனால் அவருக்குக் கவசம் இல்லை. ஒரு நாளில் அவர் சொல்லக்கூடிய மந்திரங்களும் சிலவே. கள்வர் பொறிகளைக் கண்டறிவார். நேர்நின்று போரிட்டால் தளர்வார். சமயகுரு காயம்பட்டோரைக் குணமாக்குவார்; ஆயினும் கூரிய ஆயுதம் ஏந்தலாகாது என்பது அக்கால விதி. ஒருவரது குறையை மற்றவரது வலிமை ஈடுசெய்யுமாறு இவ்வேடங்கள் அமைந்துள்ளன.

எனவே ஐந்தாமவர், "எனக்கு எது பிடிக்கும்?" என்பதோடு, "நம் அணியில் எது இல்லை?" என்றும் கேட்க வேண்டும். அடியைத் தாங்க இருவர் உளர். தொலைவிலிருந்து தாக்க ஒருவர் உளர். வழியை முன்சென்று ஆராயவும் ஒருவர் உளர். காயத்தை ஆற்ற எவரும் இலர். மூன்றாவது வாள் வந்தால் முதற்போர் விரைவில் முடியும். ஆனால் அப்போரில் காயம்பட்டவர் அதே காயத்தோடு இரண்டாம் போருக்குச் செல்வார். மூன்றாம் போரில் வீழ்வார். சமயகுரு வந்தாலோ ஐவரும் பயணத்தின் இறுதிவரை செல்ல வாய்ப்புண்டு.

இந்த உண்மையை நம் மண்ணின் கலையொன்று நெடுங்காலமாகக் காட்டி வருகிறது. அது வில்லுப்பாட்டு. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம் முதலிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக் கோடு நிலத்தைப் பிரித்தது, பாட்டைப் பிரிக்கவில்லை. இரவிக்குட்டிப் பிள்ளையின் போர்க்கதையை வில்லிசையில் பாடும் மரபு இப்பழைய தென் திருவிதாங்கூருக்கு உரியதாகும்.

வில்லுப்பாட்டுக் குழுவில் தலைமைப் பாடகர் மணிகள் கட்டிய வில்லின் நாணை வீசுகோலால் தட்டிக் கதை சொல்வார். ஒருவர் குடத்தின் வாயை மட்டையால் அடிப்பார். ஒருவர் உடுக்கை ஒலிப்பார். மற்றவர் தாளமும் கட்டையும் இசைப்பர். தலைவரின் அடியை ஏற்றுப் பாடவும், "ஆமாம்" என்று கதைக்குத் துணைநிற்கவும் சிலர் வேண்டும். அவையோரின் கண் தலைவர்மேல்தான் இருக்கும். ஆயினும் அனைவரும் வீசுகோலையே விரும்பினால் குடத்தை யார் அடிப்பார்? ஏற்றுப் பாடுவோர் இலராயின் தலைவர் மூச்சு வாங்கவும் அடுத்த அடியை நினைவுகூரவும் பொழுது கிடைக்காது. சிறியதாகத் தோன்றும் அந்த "ஆமாம்" என்ற சொல்லே இரவு முழுவதும் நீளும் கதையைத் தாங்குகிறது.

இங்கு ஓர் ஐயம் எழலாம். குழுவின் தேவைக்காக விருப்பமில்லாத வேலையை ஒருவர்மேல் சுமத்துவது முறையாகுமா? ஆகாது. மனமின்றி ஏற்ற வேடத்தில் ஆட்டக்காரர் சோர்வார். அவர் சோர்ந்தால் அணியும் சோரும். இதற்கு இரு வழிகள் உள்ளன. முதலாவது, தேவையான வேடத்தைத் தம் விருப்பத்திற்கேற்ப வளைத்துக்கொள்வது. சமயகுருவும் கவசம் அணியலாம். கையில் தண்டாயுதம் ஏந்தி வீரர்களுக்கு அருகில் நிற்கலாம். போரிட விரும்பிய ஐந்தாமவருக்கு இவ்வேடம் பொருந்தும். இரண்டாவது, குறையை அனைவரும் பகிர்ந்துகொள்வது. குணமாக்குவோர் இல்லையெனில் இரண்டு வீரர்களுள் ஒருவர் வேடம் மாறலாம். அல்லது ஐவரும் மருந்துகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, தேவையற்ற போர்களைத் தவிர்க்கலாம். எவ்வழியாயினும் விளையாட்டைத் தொடங்கும் முன்னரே கூடிப் பேசுதல் வேண்டும்.

திண்ணையில் இருந்த ஐந்தாமவர் சற்று நேரம் எண்ணினார். பின்பு, "நான் சமயகுருவாகிறேன்; ஆனால் முன்வரிசையில்தான் நிற்பேன்" என்றார். மற்ற நால்வரும் மகிழ்ந்தனர். வகுப்பில் குழுச்செயல்பாடு நடைபெறும்போதும் இதையே செய்து பாருங்கள். பேசுவோர் பலர் இருந்தால் எழுதுவோராகுங்கள். எழுதுவோர் இருந்தால் பிழை திருத்துவோராகுங்கள். நிறைவு செய்பவரும் அணியின் வலிமையே ஆவார்.

பயிற்சி

1. மூன்றாவது வாள்வீரர் சேர்ந்தால் அணிக்கு நேரும் குறை யாது?
2. வில்லுப்பாட்டில் ஏற்றுப் பாடுவோரின் பணி ஏன் இன்றியமையாதது?
3. "குழுவின் தேவையா, தனி விருப்பமா?" என்னும் தலைப்பில் உங்கள் கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக.