ஆட்டுக்குட்டி வீட்டுப் பிள்ளை ஆனால்...

கறிக்கென்று வாங்கிவந்த கிடாக்குட்டிக்குப் பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டால் அவ்வளவுதான். அப்புறம் அந்த வீட்டில் யாருக்கும் அதை வெட்ட மனம் வராது. பல வீடுகளில் ஆடு செல்லப்பிராணி ஆனது இப்படித்தான். சந்தையில் வாங்கிய சாயக் கோழிக்குஞ்சு, மொட்டை மாடிக் கூண்டில் நாட்டுக்கோழி, காம்பவுண்டு சுவருக்குள் ஒரு கன்றுக்குட்டி என்று நாய், பூனைக்கு மட்டுமே பழகிய நகர வீடுகளிலும் பண்ணை விலங்குகள் இடம்பிடித்துவிட்டன.

ஆடு மாடுகளோடு வாழ்வது நமக்குப் புதிதல்ல. அவை இப்போது நிற்கும் இடம்தான் புதிது. பழைய வீட்டில் மாட்டுக்குத் தொழுவம், ஆட்டுக்குப் பட்டி, கோழிக்குப் பஞ்சாரம் என்று தனித்தனி இடம் இருந்தது. சாணி அள்ளியவர் கொல்லையில் கைகால் கழுவிய பிறகே அடுப்படிக்குள் வருவார். செல்லமாகிவிட்ட குட்டிக்கு இந்த எல்லை எதுவும் கிடையாது. கட்டிலில் படுக்கிறது, தட்டில் வாய் வைக்கிறது, பிள்ளையின் முகத்தை நக்குகிறது. பாசத்தில் தவறில்லை. ஆனால் ஆட்டின் குடல், நடுக்கூடத்துக்கு வந்தாலும் ஆட்டின் குடல்தான்.

நல்லதும் உண்டு

பயமுறுத்துவதற்கு முன் நல்லதைச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள் உள்ளன. இரண்டின் பூர்வீகமும் ஐரோப்பா. வாழ்க்கை முறையிலும் ஒற்றுமை அதிகம். ஆமிஷ் மக்கள் வீட்டுக்கு அருகிலேயே மாடு வைத்துப் பழைய முறையில் விவசாயம் செய்கிறார்கள். ஹட்டரைட் மக்களோ எந்திரமயமான பெரிய பண்ணைகளை நடத்துகிறார்கள். அவர்களின் பிள்ளைகள் மாட்டுக் கொட்டகைப் பக்கம் அதிகம் போவதில்லை. இரண்டு சமூகத்துப் பிள்ளைகளையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. ஆமிஷ் பிள்ளைகளிடம் ஆஸ்துமா பல மடங்கு குறைவாக இருந்தது. தொழுவத்திலிருந்து வீட்டுத் தூசியில் கலக்கும் நுண்ணுயிர்கள், சின்ன வயதிலேயே நோய் எதிர்ப்பு அமைப்பைப் பழக்கிவிடுகின்றன என்பது ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம்.

இதைப் படித்துவிட்டுப் பச்சைப் பாலைக் குடிக்கவோ, குழந்தையைச் சாணத்தில் விளையாட விடவோ கூடாது. அந்தப் பிள்ளைகள் தொழுவத்துக்கு அருகில் வளர்ந்தவர்கள். தொழுவத்துக்குள்ளேயே படுத்து எழுந்தவர்கள் அல்லர்.

கொழுகொழு ஆடும் கிருமி சுமக்கும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மால்டா தீவில் இருந்த பிரிட்டிஷ் படைவீரர்களை ஒரு காய்ச்சல் வாட்டி எடுத்தது. வரும், போகும், மறுபடி வரும். மாதக்கணக்கில் ஆளை எழவிடாது. டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் 1887-இல் அதன் கிருமியைக் கண்டுபிடித்தார். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. 1905-இல் தெமிஸ்டோகிள்ஸ் சம்மிட் என்ற மால்டா மருத்துவர் ஆடுகளின் இரத்தத்தைச் சோதித்தபோதுதான் விடை கிடைத்தது. நோயின் அறிகுறியே இல்லாமல், நன்றாக மேய்ந்து, நன்றாகப் பால் கறந்துகொண்டிருந்த ஆடுகள் அவை. படைமுகாமில் ஆட்டுப்பாலை நிறுத்தியதும் காய்ச்சல் மளமளவென்று குறைந்தது.

அந்த நோய்தான் புரூசெல்லோசிஸ். நம் ஊரில் மாடுகளுக்கு வரும்போது கன்று வீச்சு நோய் என்கிறார்கள். சினை மாடு மாதம் நிறையும் முன்பே கன்றை வீசிவிடும். மனிதருக்கு வந்தால் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவில் உடம்பை நனைக்கும் வியர்வை, மூட்டுவலி, முதுகுவலி, தீராத அசதி. காய்ச்சாத பாலும், கன்று வீசிய மாட்டின் கழிவுகளை வெறுங்கையால் தொடுவதும் முக்கியக் காரணங்கள். பாலை நன்றாகப் பொங்கக் காய்ச்சினால் கிருமி செத்துவிடும். கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் இந்த நோய்க்குத் தடுப்பூசி உண்டு. அரசுத் திட்டத்தில் கால்நடை மருந்தகங்கள் மூலம் போடப்படுகிறது.

சாயக் கோழிக்குஞ்சும் குழந்தையின் வாயும்

பச்சை, ரோஸ், மஞ்சள் சாயம் பூசி விற்கும் குஞ்சுகளில் பெரும்பாலானவை முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குத் தேவைப்படாத சேவல் குஞ்சுகள். முதல் வாரத்தில் அவற்றுக்குக் கிட்டத்தட்ட 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அட்டைப்பெட்டியில் அது கிடைக்காமல் சில நாட்களிலேயே பல குஞ்சுகள் செத்துப்போகின்றன.

அதற்குள் குழந்தை அதை எப்படிக் கொஞ்சுகிறது என்று கவனியுங்கள். உள்ளங்கையில் ஏந்துகிறது, கன்னத்தில் ஒட்டிக்கொள்கிறது, அலகுக்கு ஒரு முத்தம், பிறகு அதே கையால் பிஸ்கட். கோழியின் குடலில் சால்மோனெல்லா பாக்டீரியா எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கும். எச்சத்தில் வெளியேறி இறகிலும் காலிலும் ஒட்டிக்கொள்ளும். அது வயிற்றுக்குள் போனால் 6 மணி நேரம் முதல் 6 நாட்களுக்குள் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வயிற்றைப் பிசையும் வலி வரும். பெரியவர்கள் ஒரு வாரத்தில் தேறிவிடுவார்கள். சின்னக் குழந்தைக்கு உடம்பின் நீர் வற்றி ஆபத்தாகலாம். 5 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் கோழிக்குஞ்சைத் தொடவே வேண்டாம் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். பார்க்கட்டும், தீனி போடுவதை ரசிக்கட்டும், கையில் கொடுக்காதீர்கள்.

ஈற்று நேரத்தில் கவனம்

ஆடு குட்டி போடும்போதுதான் வீட்டில் பாசமும் பரபரப்பும் உச்சத்தில் இருக்கும். அரிவாள் கீறிய விரலோடு குட்டியை இழுத்துவிடுவார்கள். மூக்கில் ஒட்டிய கோழையைக் கையாலேயே வழிப்பார்கள். பனிக்குட நீரும் நஞ்சுக்கொடியும்தான் கிருமி மிக அதிகமாக இருக்கும் இடம். புரூசெல்லோசிஸ் மட்டுமல்ல, கியூ காய்ச்சல் என்ற நோயும் இப்படிப் பரவும். அதன் கிருமி தூசியோடு கலந்து காற்றில் போய் மூச்சு வழியாகவும் உள்ளே நுழையும். கர்ப்பிணிகளுக்குத் தொற்றினால் கரு கலையவும் வாய்ப்பு உண்டு. ஆகவே ஈற்று நேரத்தில் கர்ப்பிணிகள் கொட்டகைப் பக்கமே போக வேண்டாம். உதவி செய்பவர் முழங்கை வரை வரும் கையுறையும் முகக்கவசமும் அணிந்துகொள்ளட்டும்.

மாட்டின் இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. மாடு கன்றை வீசியிருந்தால் அந்தச் சாக்கிலிருந்து சொட்டுவது நோய். நாய் இழுத்துப் போடாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைப்பதே சரி.

மாடு எச்சில் வடித்தால்

மாடு திடீரென்று தீனி எடுக்கவில்லை. தண்ணீரை விழுங்கத் திணறுகிறது. வாயிலிருந்து எச்சில் நூலாக வடிகிறது. தொண்டையில் மாங்கொட்டையோ பனங்கொட்டையோ சிக்கியிருக்கும் என்று நினைத்து வாய்க்குள் கையை விடுபவர்கள் உண்டு. ஆனால் வெறிநோய் கண்ட மாட்டுக்கும் இதே அறிகுறிகள்தான். சில வாரங்கள் அல்லது மாதங்களுக்கு முன் வெறிநாய் கடித்தது யாருக்கும் தெரியாமல் போயிருக்கலாம். எச்சில் வடிக்கும் ஆட்டையோ மாட்டையோ வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். ஏற்கெனவே எச்சில் பட்டுவிட்டதென்றால், கீறலோ புண்ணோ இருந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அறிகுறி தோன்றிய பிறகு இந்த நோய்க்கு வைத்தியம் இல்லை. தோன்றும் முன் தடுப்பூசி உயிரைக் காக்கும்.

திடீரென்று செத்தால்

நேற்றுவரை நன்றாக இருந்த ஆடோ மாடோ திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த இரத்தம் வடிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். தோலை உரிக்கவோ, கறியைக் கூறு போடவோ கூடாது. உடலை அறுத்தால் வெளிவரும் கிருமி வித்தாக மாறி மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும்.

கோழிகள் கொத்தாகச் செத்தாலும் அப்படித்தான். வெள்ளைக்கழிச்சல் நோய் என்று நாமே முடிவுகட்டிவிடக் கூடாது. எச்5என்1 பறவைக் காய்ச்சல் 1997-இல் ஹாங்காங்கில் முதன்முதலாக மனிதர்களுக்குப் பரவியபோது 18 பேரைத் தாக்கி 6 பேரைக் கொன்றது. அங்கே நோய் வந்த வழி உயிர்க்கோழிச் சந்தை. செத்த கோழியைக் குப்பையில் வீசாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

தோலும் நாயும்

ஆட்டின் உதட்டில் புண்ணும் பொருக்கும் இருக்கும்போது புட்டியில் பால் புகட்டினால், சில நாட்களில் உங்கள் விரலில் ஒரு கொப்புளம் எழலாம். வைரஸ் தொற்றான அது பொதுவாக 3 முதல் 6 வாரத்தில் தானே ஆறிவிடும். கிள்ளாமல் மூடி வைத்தால் போதும். கன்றின் முகத்தில் சாம்பல் நிற வட்டங்கள் தெரிந்தால் அது படர்தாமரை. பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

வீட்டில் நாயும் இருந்தால் ஆட்டின் ஈரல், நுரையீரலைப் பச்சையாக அதற்குப் போடாதீர்கள். அதில் இருக்கும் நீர்க்கட்டியிலிருந்து நாயின் குடலில் நாடாப்புழு வளரும். நாயின் மலத்தில் வரும் முட்டை நம் வாய்க்குள் போனால், அதே நீர்க்கட்டி நம் ஈரலில் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் வளரும்.

ஊட்டுவதிலும் அளவு வேண்டும்

செல்ல ஆட்டுக்கும் மாட்டுக்கும் நம்மால் வரும் நோயும் உண்டு. மாட்டுப்பொங்கலன்று ஆசையாக ஊட்டும் சர்க்கரைப் பொங்கலும், கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறும் அசைபோடும் விலங்கின் முதல் வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகும். வயிறு உப்பி, தள்ளாடி, ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடலாம். நாலு வீட்டிலும் ஒரு கவளம் என்றால் அது நாலு கவளம். வாயில் வைப்பது ஒரு துளியாக இருக்கட்டும். வயிற்றுக்குத் தழையும் புல்லும் வைக்கோலும். ஆடு கூட்டத்தோடு வாழும் பிராணி என்பதால் ஒற்றை ஆடு ஏங்கிக் கத்திக்கொண்டே இருக்கும். வளர்ப்பதென்றால் இரண்டாக வளர்ப்பது நல்லது.

வீட்டில் கடைப்பிடிக்க

• அடுப்படியும் படுக்கையறையும் விலங்குகளுக்கு இல்லை. கொட்டகைக்குத் தனிச் செருப்பு, தனி வாளி.
• தொட்டபின் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும். பிள்ளைகள் கழுவும்போது ஒரு பெரியவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.
• முத்தம் வேண்டாம். கழுத்தைத் தடவுங்கள், முதுகைச் சொறியுங்கள். ஆட்டுக்கு அதுதான் பிடிக்கும்.
• பால் பொங்கிக் காய வேண்டும். முட்டை மஞ்சள்கரு இறுகும்வரை வேக வேண்டும். சீம்பாலும் நன்றாக வேக வேண்டும்.
• குடற்புழு நீக்கமும் தடுப்பூசியும் தேதி தவறக் கூடாது. நமக்கு எழுதிய ஆன்டிபயாடிக் மாத்திரையை ஆட்டுக்குப் பொடித்துக் கொடுக்கக் கூடாது.
• பிராணிக்கு அவசரமென்றால் 1962 என்ற எண்ணை அழைக்கலாம். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்

இரண்டு வாரம் தாண்டியும் காய்ச்சல் விடவில்லை. டைபாய்டு பார்த்தாயிற்று, காசநோய் பார்த்தாயிற்று, ஒன்றும் பிடிபடவில்லை. புரூசெல்லோசிஸ் நோயாளிகள் பலர் இப்படித்தான் அலைகிறார்கள். நகரத்து டாக்டருக்கு உங்கள் மொட்டை மாடியில் ஆடு நிற்பது எப்படித் தெரியும்? "வீட்டில் ஆடு இருக்கிறது, போன மாதம் குட்டி போட்டது, நான்தான் பக்கத்தில் இருந்தேன்" என்று நீங்கள் சொன்னால் அவர் எழுதித் தரும் இரத்தப் பரிசோதனையே வேறாக இருக்கும். நோய் உறுதியானால் சிகிச்சை பொதுவாக 6 வாரம். காய்ச்சல் விட்டதும் பாதியில் மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பி வரும். காய்ச்சலோ, வயிற்றுப்போக்கோ, ஆறாத புண்ணோ, எதற்காகப் போனாலும் வயது, சர்க்கரை, பிரஷர் சொல்வதுபோல வீட்டில் இருக்கும் ஆடு, மாடு, கோழியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.