வன்தட்டு அணியும் ஏட்டுக் காப்பும்

ஏட்டுச் சுவடிகளைத் தேடி அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் முதலிய பெரியோர் ஒரு நூலுக்கு ஒரு படி கிடைத்ததும் அமைந்தாரல்லர். ஒரு படியிலே செல்லரித்த அடியை மற்றொரு படிகொண்டு நிரப்ப முயன்றனர். கணினியின் வன்தட்டுகள் பலவற்றை ஓரணியாக அமைக்கும் ‘ரெயிட்’ என்னும் முறைக்கும் இதனையொத்த கருத்தே அடிப்படையாகும். 1988ஆம் ஆண்டிலே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பற்றர்சன், கிப்சன், கற்ஸ் என்னும் மூவர் இதனை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். விலை மிகுந்த பெருந்தட்டு ஒன்றுக்கு ஈடாக, விலை குறைந்த சிறு தட்டுகள் பலவற்றை ஒருங்கு சேர்ப்பதே அவர்தம் நோக்கம்.

சப்பிரகமுவத் தோட்டப் பகுதியினர்க்கு இது வெறும் பொறியியற் செய்தியன்று. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் குடியுரிமை வேண்டிய தொழிலாளர் தம் வசிப்பை நிறுவ ஆவணந்தேடி அலைந்தமை நாமறிந்த வரலாறு. பாடசாலை இடாப்பும், செக்ரோல் புத்தகமும், பிறப்புப் பதிவும் நம் மக்கட்கு வெறுந்தாள்கள் அல்ல. அவற்றைப் படமெடுத்துக் கணினியிற் சேர்ப்போர், சேர்க்குமிடத்தையும் ஆராய்தல் வேண்டும்.

அணி வகைகளுள் நான்கினை அறிதல் போதும். சுழிய வகை, தரவைத் துண்டாக்கித் தட்டுகளிற் பகிர்ந்தெழுதுவது. விரைவு மிகும், ஆயினும் ஒரு தட்டுக் கெட்டாலும் அணி முழுதும் அழியும். ஆவணங்களுக்கு இஃது ஆகாது. முதலாம் வகை, இரு தட்டுகளிலும் ஒன்றையே எழுதுவது. 4 டெராபைட் தட்டு இரண்டினை இட்டால் பயன்படும் இடம் 4 டெராபைட்டே.

ஐந்தாம் வகைக்குக் குறைந்தது மூன்று தட்டுகள் வேண்டும். அதன் நுட்பம் எளிது. மூன்று தட்டுகளில் 1, 0, 1 என எழுதியுள்ளதாகக் கொள்வோம். ஒன்றுகளின் தொகை இரட்டையாய் அமையுமாறு நான்காவதில் 0 எழுதப்படும். இரண்டாந் தட்டுக் கெட்டால், எஞ்சிய 1, 1, 0 என்பவற்றிலே தொகை இரட்டையாகவே உள்ளது. ஆதலின் இழந்தது 0 எனத் துணியலாம். இச்சரிபார்ப்பு எண்கள் ஒரே தட்டிற் குவியாது எல்லாத் தட்டுகளிலும் மாறிமாறி எழுதப்படும். 4 டெராபைட் தட்டு நான்கினால் 12 டெராபைட் இடம் கிடைக்கும். ஆறாம் வகைக்கு நான்கு தட்டுகளேனும் வேண்டும். அஃது இரு தட்டுகளின் இழப்பையும் தாங்கும்.

அமைப்போர் ஒரே கொள்ளளவுள்ள தட்டுகளைத் தேர்க. அணியை உருவாக்குங்கால் தட்டுகளில் முன்பிருந்தவை அழியுமாதலின், அவற்றை முன்னரே வேறிடத்திற் படியெடுத்து வைக்க. எழுதும்போது மின் தடைப்படின் சரிபார்ப்பு எண்கள் பிறழக்கூடும்; ஆகையால் மின்கலக் காப்பு இன்றியமையாதது. தட்டுப் பழுதை உடனே அறிவிக்கும் எச்சரிக்கையை இயக்கி, மாற்றுத் தட்டொன்றைக் கையிருப்பில் வைக்க. புதுத் தட்டை நிரப்பும் வேலை பல மணி நேரம் நீளும். அப்போது ஏனைய தட்டுகளும் ஓயாது உழைப்பதால், ஐந்தாம் வகையில் இன்னுமொன்று கெடின் எல்லாம் போம்.

இத்துணையும் செய்தபின்னும் அணி ஒரு காப்புப்படி ஆகாது. தவறுதலாக ஒரு கோப்பை நீக்கினால் எல்லாத் தட்டுகளிலும் அது நீங்கும். களவும் தீயும் தட்டுகளை எண்ணிப் பார்ப்பதில்லை. 2016 மே 17ஆம் நாள் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து சிரிபுர, எலங்கப்பிட்டிய, பல்லேபாகே ஆகிய கிராமங்களை மூடிற்று; நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். அதே நாளில் புளத்கொகுப்பிட்டியவின் களுப்பஹன தோட்டத்து லயங்களின்மீதும் மண் சரிந்தது. அத்தகைய மண்ணின்கீழ் நான்கு தட்டும் ஒரு தட்டும் ஒன்றே.

ஆதலின் மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், அவற்றுள் ஒரு படியேனும் வேற்றூரில் என்பது அறிஞர் கூறும் விதி. அப்படியை ஆண்டுதோறும் திறந்து படித்துப் பார்த்தலும் வேண்டும். பல ஊர்களிலும் நாடுகளிலும் பரந்து வாழும் பழைய மாணவர், தாம் கற்ற பாடசாலையின் இடாப்புகளுக்கு அவ்வேற்றூர்க் காவலராய் அமைதல் தகும்.