குளம் வான் பாயும் காலம்: வவுனியாவில் பார்க்கப் போகிறவர்களும் காக்க வேண்டியவர்களும்

வவுனியா நகரில் ஒருவரிடம் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு குளத்தின் பெயர்தான் பதிலாக வரும். வைரவபுளியங்குளம், இறம்பைக்குளம், பண்டாரிக்குளம், தாண்டிக்குளம், நெளுக்குளம், கூமாங்குளம், வேப்பங்குளம். ஆனால் அந்தக் குளத்தின் அலைகரை எங்கே முடிகிறது, மழை கூடினால் தண்ணீர் எந்த வழியால் வெளியேறும் என்று கேட்டுப் பாருங்கள். அதே வீதியில் இருபது வருடம் குடியிருப்பவருக்கும் தெரிந்திருக்காது.

வவுனியா மாவட்டத்துக்குக் கடல் இல்லை. மாலையில் காற்று வாங்கவும், வெளிநாட்டில் இருந்து வந்த சொந்தங்களைக் கூட்டிக்கொண்டு போகவும் நமக்கு இருப்பது குளக்கட்டுத்தான். கார்த்திகை, மார்கழியில் குளம் நிறைந்து வான் பாயத் தொடங்கினால் கூட்டம் இன்னும் கூடும். குடும்பம் குடும்பமாக வருவார்கள். இளைஞர்கள் வான் பாயும் கட்டில் இறங்கிக் குளிப்பார்கள். கைபேசியில் படம் எடுப்பார்கள். இதில் தவறு ஒன்றுமில்லை. குளத்தைப் பார்க்க வருகிற சனம் உள்ள ஊரில்தான் குளத்துக்கு ஒன்று நேர்ந்தால் கேட்கவும் சனம் இருக்கும். ஆனால் ஆபத்தும் இதே மாதங்களில்தான் அதிகம்.

குளத்தின் அமைப்பைப் புரிந்துகொண்டால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதும் புரியும். மழைநீர் சரிந்து வரும் பக்கம் அலைகரை. அங்கே தரை மெல்ல மெல்ல ஆழமாகும். எதிர்ப்பக்கம் மண் கட்டு. அதை அண்டிய பகுதிதான் குளத்தின் மிக ஆழமான இடம். கட்டு போடுவதற்கு மண் வெட்டிய பள்ளங்களும் பழைய ஓடையின் பள்ளமும் அங்கேயே கிடக்கும். அலைகரையில் முழங்கால் அளவுத் தண்ணீரில் விளையாடிப் பழகிய பிள்ளை கட்டுப் பக்கம் இறங்கினால் மூன்றாவது அடியில் கால் நிலை கொள்ளாது. கட்டின் அடியில் வயலுக்குத் தண்ணீர் விடும் துருசு இருக்கிறது. அது திறந்திருக்கும்போது மேலே தண்ணீர் அசையாததுபோல் தெரியும், கீழே இழுத்துக்கொண்டிருக்கும். நல்ல நீச்சல்காரனும் அந்த இழுவையில் இருந்து மீள்வது கடினம்.

வான் பாயும் இடம் வேறு வகை. வான்கட்டின் மேல் பாசி பிடித்திருப்பதால் கால் வழுக்கும். தண்ணீர் விழுந்து நுரைக்கும் அடிப்பகுதியில் நீர் சுழன்று திரும்ப வருவதால், விழுந்தவரை வெளியே விடாமல் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். பாவற்குளம், இரணைமடு போன்ற கதவுள்ள குளங்களில் இன்னொரு பிரச்சினை உண்டு. கதவு திறக்கும்போது கீழே ஆற்றில் நீர்மட்டம் சில நிமிடங்களில் உயர்ந்துவிடும். நீங்கள் நிற்கும் இடத்தில் மழை பெய்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இரணைமடுவை நிரப்பும் கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்தில்தான் ஊற்றெடுக்கிறது. இங்கே இரவு பெய்த மழை அங்கே காலையில் வெள்ளமாக நிற்கும்.

2018 டிசம்பரில் கிளிநொச்சி இதை நேரில் கண்டது. புனரமைக்கப்பட்ட இரணைமடுவின் வான்கதவுகளை அந்த மாதம் 7ஆம் திகதி அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன வந்து திறந்துவைத்தார். இரண்டு வாரம் கழித்து, 21ஆம் திகதி இரவு கொட்டிய மழையில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெள்ளத்தில் சிக்கின. கதவுகள் உரிய நேரத்தில் திறக்கப்பட்டனவா என்ற கேள்வி எழுந்து விசாரணை வரை போனது. திறப்பு விழாவுக்குக் கூடிய சனத்துக்கு, கதவு எந்த மட்டத்தில் யாருடைய முடிவில் திறக்கப்படும் என்று யாரும் விளக்கியதாகத் தெரியவில்லை.

வீதியைக் குறுக்கறுத்து ஓடும் வெள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேகமாக ஓடும் நீர் அரை அடி இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். ஒரு அடியில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும், இரண்டு அடியில் பெரும்பாலான வாகனங்கள் இழுபட்டுப் போகும். உழவு இயந்திரம் பாரமானது, போய்விடும் என்பது நம் ஊர்களில் வலுவான நம்பிக்கை. 2024 நவம்பர் 26ஆம் திகதி அம்பாறையின் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் மத்ரசா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டதில் சிறுவர்கள் உயிரிழந்தார்கள். வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள்.

மழை முடிந்தபின் வேறு ஆபத்துகள். தை, மாசியில் நிறைந்த குளம் அமைதியாக இருக்கும், தாமரை பூத்திருக்கும். தாமரைக் கொடி நீருக்கடியில் கால்களைச் சுற்றிக்கொண்டால் பதறப் பதற இறுகும். பூ பறிக்க இறங்கும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டிய காலம் இதுதான். ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றும்போது முதலைகள் எஞ்சிய நீரில் ஒதுங்கும், அல்லது இரவில் இடம் மாறும். அதே நாட்களில்தான் குளத்துக்குள் கிரவலும் களிமண்ணும் வெட்டுகிறார்கள். வெட்டிய கிடங்கை மூடுவதில்லை. அடுத்த மழையில் அந்தக் கிடங்கு கண்ணுக்குத் தெரியாத கிணறாகிவிடும். கடந்த வருடம் பாதுகாப்பாகக் குளித்த இடம் இந்த வருடமும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாதது இதனால்தான்.

எலிக்காய்ச்சலையும் மறக்கக் கூடாது. 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பரவி உயிர்களைக் காவுகொண்டது அதுதான். காலில் புண்ணோடு வயலிலும் குளத்திலும் இறங்குகிறவர்கள் தங்கள் பிரிவுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மருந்து பற்றிக் கேட்கலாம். வெள்ளத்தில் நின்ற பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் பனடோல் போட்டுவிட்டுப் படுக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இதெல்லாம் நம் தாத்தாமாருக்குப் புத்தகத்தில் படிக்க வேண்டிய விடயம் அல்ல. வட்டவிதானை கட்டில் நடந்துபோனாலே எந்தத் துருசு திறந்திருக்கிறது என்று ஊருக்குத் தெரியும். கட்டின்மேல் பிள்ளையாரோ ஐயனாரோ இருப்பார். அங்கே பொங்கல் வைப்பதற்கு முன் கட்டுத் துப்புரவாகிவிடும். யுத்தம் இந்தச் சங்கிலியை அறுத்தது. ஊர்கள் ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்தன. கட்டுகளில் பதுங்குகுழியும் காவலரணும் வெட்டினார்கள். 2009 ஜனவரியில் கல்மடுக்குளத்தின் கட்டே உடைக்கப்பட்டது. புலிகள் உடைத்தார்கள் என்று இராணுவம் அறிவித்தது. அதே வருடம் ஓகஸ்டில் செட்டிகுளம் மெனிக் பாமில் மழை வெள்ளம் கூடாரங்களுக்குள் ஏறியதை அங்கிருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். தண்ணீர் எங்கே தேங்கும் என்று அறியாதவர்கள் இடம் தெரிவு செய்தால் என்ன நடக்கும் என்பதை முட்கம்பிக்குள் நின்று பார்த்த சனம் நாம். முகாம்களில் வளர்ந்த ஒரு தலைமுறை குளத்தில் நீந்திப் பழகவில்லை. இன்று பெற்றோராக இருப்பவர்கள் அவர்கள்தான். தாய்க்கும் தகப்பனுக்கும் நீந்தத் தெரியாத வீட்டுப் பிள்ளை குளத்தில் இறங்குகிறது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பயம் தரும் விடயம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகெங்கும் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட சாவுகள் வறிய, நடுத்தர வருமான நாடுகளில். கடலும் கப்பலும் அல்ல, வீட்டுக்குப் பக்கத்துக் குளமும் கிணறும் வாய்க்காலுமே பெரும்பகுதியைக் கொல்கின்றன. பங்களாதேசில் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு ஊர்க் குளத்திலேயே மூங்கில் தடுப்பு அமைத்து நீந்தப் பழக்குகிறார்கள். நீச்சல் தடாகம் கட்டக் காசு வரட்டும் என்று காத்திருக்கவில்லை.

சரி, குளம் யாருடையது? பொதுவாக 200 ஏக்கர் வரை வயலுக்கு நீர் கொடுக்கும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ். அதற்கு மேற்பட்டவை பெரும்பாலும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தது. கட்டைச் சேதப்படுத்துவதும் வாய்க்காலை மறிப்பதும் ஆக்கிரமிப்பதும் அதன்படி குற்றம். சட்டம் இருந்தும் நகரக் குளங்கள் சுருங்குகின்றன. காரணம் எளிது: வயல் வீடாக மாறினால் கமக்காரர் அமைப்பின் பலம் குறைகிறது, குளத்தைச் சுற்றி வந்து குடியேறியவர்களுக்கோ அதில் உரிமையும் இல்லை, பொறுப்பும் இல்லை.

வவுனியாக்குளத்தின் ஒரு பகுதியில் மண் நிரப்பிச் சுற்றுலா மையம் அமைக்கப்பட்டபோது அந்த இடைவெளியை நிரப்பியது பொதுமக்கள்தான். வவுனியாக்குளத்திற்கான மக்கள் செயலணி என்ற பெயரில் ஒன்றுகூடி, நிரப்பிய மண்ணை அகற்று, அலைகரையை அளந்து எல்லைக்கல் நாட்டு என்று வீதிக்கு இறங்கினார்கள். பொழுதுபோக்கு இடம் வேண்டாம் என்று அவர்கள் சொன்னதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. நடைபாதையும் வாங்கும் குளத்துக்கு வெளியே இருக்கலாம். குளத்துக்குள் ஒரு ஏக்கர் நிரப்பினால் அந்த ஏக்கரில் நிற்க வேண்டிய தண்ணீர் யாருடைய வீட்டுக்குள் போகும் என்பதே கேள்வி. நம் குளங்கள் தனித்தனியானவை அல்ல. ஒன்றின் வான் அடுத்ததன் வரத்து. இந்தத் தொடர்குள முறையைத்தான் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுகளில் ஒன்றாக ஏற்றது. மேலுள்ள குளம் உடைந்தால் கீழுள்ளதும் தாங்காது.

கட்டு உடைவது பழங்கதை இல்லை. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்து நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாரமான வாகனங்கள் கட்டின்மேல் ஓடியதும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. இங்கே டிப்பர் கட்டில் ஏறுவதைப் பார்த்தும் பாராமல் போகிறோம். மாலையில் கட்டில் நடக்கிறவர்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு: கட்டின் வெளிப்பக்கச் சரிவையும் ஒரு முறை பார்ப்பது. அங்கே ஈரக்கசிவு இருந்து, வரும் நீர் தெளிவாக இருந்தால் கவனித்துவர வேண்டும். கலங்கி வந்தால் கட்டின் மண் உள்ளிருந்து அரித்துப் போகிறது என்று பொருள். அப்போது மணித்தியாலங்கள்கூட இருக்காது. உடனே கிராம அலுவலருக்கும் 117 என்ற அனர்த்த முகாமைத்துவ நிலைய இலக்கத்துக்கும் சொல்ல வேண்டும். ஊற்றை அடைத்து மூடுவது அழுத்தத்தை வேறு இடத்தில் உடைக்கும். மண்மூட்டைகளை அதைச் சுற்றி வளையமாக அடுக்கி நீர் உள்ளே உயர விடுவதே முறை.

ஒருவர் மூழ்கினால் அவர் பின்னால் குதிப்பதுதான் நம் முதல் எண்ணம். அண்ணன் தம்பி இருவரும் போவது அப்படித்தான். கயிறு, நீளத் தடி, மூடி இறுக்கிய வெற்றுப் பிளாஸ்டிக் கான், சேலை, எது கிடைக்கிறதோ அதை எறிய வேண்டும். பக்கத்தில் நன்னீர் மீன்பிடிக்காரர் இருந்தால் அவரைக் கூப்பிட வேண்டும். அந்தக் குளத்தின் அடித்தரை அவருக்குத்தான் தெரியும். கரைக்குக் கொண்டுவந்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது. மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சுக் கொடுக்க வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் 30 தடவை அழுத்தி 2 தடவை மூச்சு, விடாமல் தொடர வேண்டும். இன்னொருவர் 1990க்கு அழைக்கட்டும். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம்.

காலபோகத்துக்கு முன் ஒவ்வொரு குளத்துக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். விதைப்புத் திகதி, தண்ணீர் விடும் நாள், கட்டுத் துப்புரவு எல்லாம் அதில்தான் முடிவாகும். வான் பாயும் இடத்தில் யார் கயிறு கட்டுவது, துருசு திறந்திருக்கும்போது சிவப்புத் துணி எங்கே தொங்கவிடுவது, கிரவல் கிடங்கை யார் மூடுவது என்பவற்றையும் அதே கூட்டத்தில் எழுப்பலாம். பக்கத்துப் பாடசாலை அதிபரையும் மீன்பிடிச் சங்கத்தையும் அழைக்கும்படி கமக்காரர் அமைப்பிடம் கேட்கலாம். வயல் இல்லாதவர்களும் போய் உட்கார்ந்து கேட்கலாம். கூட்டத் திகதி உங்கள் கமநல சேவை நிலையத்தில் கிடைக்கும்.