நாற்காலி போட்டால் போதுமா?

ஜவுளிக்கடை ஊழியர்கள் நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பதை நாம எல்லாரும் பார்த்திருக்கோம். இதை மாற்ற 2018-ல் கேரளா சட்டம் போட்டது. 2021-ல் தமிழ்நாடும் 1947-ஆம் வருடக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்தது.

பிரிவைப் படித்துப் பார்த்தேன். எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும் என்பதோடு அது முடியவில்லை. வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்காரத்தான் அந்த ஏற்பாடு என்கிறது. மூலையில் நாலு ஸ்டூலைப் போட்டுவிட்டு, உட்கார்ந்தவரை சூப்பர்வைசர் முறைத்தால் என்ன பிரயோஜனம்?

என்னைக் கேட்டால், "வாடிக்கையாளர் இல்லாதபோது உட்காரலாம், அதற்காக யாரும் திட்டக்கூடாது" என்று முதலாளி எழுதி ஒட்டணும். அதை முதலில் சூப்பர்வைசரிடம் சொல்லணும். அவரைப் பார்த்துத்தானே மற்றவர்கள் எழுந்து நிற்கிறார்கள்.