காதோரம் ஒரு குட்டித் துளை

சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே காதுக்கு முன்னால் ஊசி குத்தியதுபோல் ஒரு துளை இருக்கும். கருவில் ஏறக்குறைய 6-வது வாரத்தில் 6 சிறு மேடுகள் சேர்ந்து காது மடல் உருவாகிறது. அவை சரியாகச் சேராததால் ஏற்படும் துளை இது. தொந்தரவு இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம். பிதுக்கக் கூடாது!

சீழ் பிடித்தால்தான் வினை. துளைக்கு உள்ளே குழாய் ஓடுகிறது. பலருக்கு அது கிளைவிட்டும் இருக்கும். கட்டியைக் கீறினால் சீழ் போகும், குழாய் போகாது. பசுவந்தனைக் கரிசலில் கோரையை மேலோடு அறுத்தால் கிழங்கிலிருந்து மறுபடி முளைக்கிறதல்லவா? அதே கதைதான். மருந்தில் வீக்கம் வற்றிய பிறகு டாக்டர் துளைக்குள் நீலச் சாயம் செலுத்துவார். சாயம் ஓடிய வழியைப் பார்த்துக் குழாய் முழுவதையும் வெட்டி எடுப்பார். துணுக்கு தங்கினாலும் திரும்ப வரலாம்.

அந்தப் பக்கத்தார் இதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டாம். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது.