எடைக்குப் போகும் அட்டையில் இருக்கிறது சொத்து

சேலம் வெண்பட்டு வேட்டியை விலை பேசி வாங்கும் நாம், அதன் ஜரிகைக் கரையில் உள்ள பூ எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்பதில்லை. துளையிட்ட அட்டைகளில் இருக்கிறது. தறியின் மேலுள்ள ஜக்கார்டு பெட்டியில் அட்டை திரும்பும்போது, துளை உள்ள இடத்தில் பாவு இழை எழும்பும். இல்லாத இடத்தில் கீழேயே நிற்கும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. பூ முடிய 400 ஊடை என்றால் அட்டையும் 400.

1804-ல் பிரான்சு நாட்டு ஜக்கார்டு அமைத்த முறை இது. ஆங்கிலேயரான பாபேஜ் தம் கணக்கு இயந்திரத்துக்கு இந்த யோசனையைத்தான் எடுத்துக்கொண்டார். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகையும் துளை அட்டை கொண்டே எண்ணப்பட்டது. தறியிடம் வாங்கிய கடனைக் கம்ப்யூட்டர் இப்போது திருப்பித் தருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பழைய கரையை ஸ்கேன் செய்து, இழைக்கு ஒரு கட்டமாகத் திரையில் பிரிக்கிறார்கள். சிதைந்த இடத்தைச் சரிசெய்து, அதிலிருந்தே புது அட்டை அடிக்கலாம். எலெக்ட்ரானிக் ஜக்கார்டுக்கு அட்டையே வேண்டாம். ஆபத்தும் அங்கேதான். தேவையற்றுப்போன கட்டுகள் பரணிலிருந்து எடைக்கு இறங்குகின்றன. பிறகு அந்த டிசைன் வேண்டுமென்றால், யார் வீட்டுப் பெட்டியிலாவது பழைய வேட்டி கிடைத்து, லென்ஸ் வைத்து இழை எண்ணியாக வேண்டும்.

முன்கூட்டிப் பதிந்து வைப்பதன் அருமையைப் பாரிஸ் நகரம் கண்டது. அங்குள்ள நோத்ர தாம் தேவாலயத்தை 2010-ல் லேசர் கதிரால் அளந்து வைத்திருந்தார்கள். 2019-ல் கூரை எரிந்தபோது அந்த அளவு கைகொடுத்தது. 2024 டிசம்பரில் மீண்டும் திறந்தார்கள். நம் நாட்டில் ஹம்பியை மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை கம்ப்யூட்டரில் பதிவு செய்தது. இத்தகைய பதிவு இருந்தால், கண்ணை மூடும் கருவி ஒன்றை மாட்டிக்கொண்டு கோயிலுக்குள் நடப்பதுபோலவே பார்க்கலாம். தாரமங்கலத்துக் கல்தூண்களுக்கும் இது ஏற்ற வேலை. ஆனால் நெசவாளியின் கைப்பதத்தை எந்தக் கருவியும் பதியாது. அது தறியில் உட்கார்ந்தால்தான் வரும்.

இன்னொரு கவலை. ஃபைல் ஆகிவிட்ட டிசைன் ஒரு கைபேசியிலேயே விசைத்தறிக்குப் போய்விடும். புவிசார் குறியீடு வெண்பட்டின் பெயரைத்தான் காக்கும். சில வகை வேட்டி சேலைகளைக் கைத்தறிக்கு ஒதுக்கும் 1985-ம் ஆண்டுச் சட்டம் இருந்தாலும், பிரதி யாரிடம் போனது என்ற கணக்கை நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களே வைத்துக்கொள்வது நல்லது.

மளிகைக்காரருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். பழைய காகிதம் வாங்குவதும் விற்பதும் நம்மவர்கள்தானே! துளையிட்ட அட்டைக் கட்டு தராசுக்கு வந்தால், கொண்டுவந்தவரிடம் ஒரு வார்த்தை விசாரியுங்கள். கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் சேலத்திலேயே இருக்கிறது.