காத்திருக்கும் வாரங்கள்: சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் அடுத்த கட்டத்திற்கு முன்

மீஞ்சூரைச் சேர்ந்த, அறுபது வயதைக் கடந்த ஒருவர் சிறுநீரில் இரத்தம் கண்டு என்னிடம் வந்தார். வலி சிறிதும் இல்லை. சிறுநீர்ப்பைக்குள் இருந்த கட்டியை உள்நோக்கிக் கருவி வழியே சுரண்டி அகற்றினோம். "மூன்று வாரம் கழித்து வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் வந்ததோ நான்கு மாதங்களுக்குப் பின், இரத்தம் மீண்டும் தோன்றியபோதுதான். "சிறுநீர் தெளிவாகப் போயிற்று டாக்டர், குணமாகிவிட்டது என்று நினைத்தேன்" என்றார். அந்த மூன்று வாரம் எதற்கு என்று நான் அவருக்கு விளக்கவில்லை. பிழை என்னுடையது. அந்த விளக்கத்தை இங்கே எழுதுகிறேன்.

ஏன் காத்திருக்க வேண்டும்?

அகற்றிய திசு ஆய்வுக்கூடத்திற்குச் செல்கிறது. நோயின் வீரியம் எவ்வளவு, அது சிறுநீர்ப்பையின் தசைவரை ஊடுருவியுள்ளதா என்னும் இரண்டு வினாக்களுக்கு அங்கே விடை கிடைக்கும். அந்த விடையைப் பொறுத்தே அடுத்த கட்டம் அமையும். வீரியம் மிகுந்த கட்டியாயின், பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள் மீண்டும் ஒருமுறை சுரண்டிப் பார்ப்போம். முதல்முறை செய்தது தவறு என்று இதற்குப் பொருளன்று. கண்ணுக்குத் தெரியாத எச்சம் இருக்கலாம். ஆழத்தையும் உறுதி செய்ய வேண்டும்.

தசையை எட்டாத நோய்க்குப் பலருக்கும் பி.சி.ஜி. மருந்து தேவைப்படும். குழந்தைகளுக்குக் காசநோய்த் தடுப்பூசியாகப் போடுகிறோமே, அதே வலுவிழந்த கிருமிதான் இது. 1976-இல் கனடா மருத்துவர் ஆல்வாரோ மொராலஸ் சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் இதன் பயனை வெளியிட்டார். வாரம் ஒருமுறை, ஆறு வாரங்கள், மெல்லிய குழாய் வழியே சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி, இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்கச் சொல்வோம். சுரண்டிய புண் ஆறுமுன் செலுத்தினால் கிருமி இரத்தத்தில் கலக்கக்கூடும். ஆகவே குறைந்தது இரண்டு வாரமேனும் பொறுக்கிறோம். இந்தக் காத்திருப்பும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

நோய் தசைக்குள் சென்றிருந்தால் நிலைமை வேறு. கீமோதெரபி, சிறுநீர்ப்பையை அகற்றும் அறுவை, கதிரியக்கம் ஆகியவற்றில் எது பொருந்தும் என முடிவெடுப்போம். அப்போது மூன்று மாதங்களுக்கு மேல் தாமதிப்பது ஆபத்து.

இந்த நாட்களில் செய்யவேண்டியவை

திசு அறிக்கையை நீங்களே கேட்டுப் பெறுங்கள். அடுத்த தேதியை எழுதி வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்.

பீடி, சிகரெட்டை இன்றே நிறுத்துங்கள். புகையிலுள்ள நச்சுகளைச் சிறுநீரகம் வடிகட்டி அனுப்ப, அவை சிறுநீர்ப்பையில்தான் தேங்கி நிற்கின்றன.

உங்கள் தொழிலைப் பற்றி மருத்துவரிடம் சொல்லுங்கள். சாயத் தொழிற்சாலைப் பணியாளர்களிடையே இந்நோய் காணப்படுவதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் 1895-லேயே சுட்டிக்காட்டினார். ஆலைகள் சூழ்ந்த நம் வடசென்னையில் இதை மறைக்காமல் கூறுவது அவசியம்.

இரத்தக் கட்டிகள் வெளிவந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, குளிருடன் காய்ச்சல் வந்தாலோ, குறித்த நாள்வரை காத்திராமல் உடனே வாருங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்: "ஒன்றுமில்லை, கவலைப்படாதீர்கள்" என்று நோயாளியின் பேச்சை மடைமாற்றாதீர்கள். அச்சத்தைச் சொல்ல அவருக்கு இடம் கொடுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் கேட்கவேண்டிய வினாக்களைச் சேர்ந்து எழுதுங்கள்.

மீஞ்சூர்க்காரருக்குக் கட்டி மீண்டும் வளர்ந்திருந்தது. நல்வேளையாகத் தசையை எட்டியிருக்கவில்லை. ஆறு வார பி.சி.ஜி. முடிந்துவிட்டது. அடுத்த உள்நோக்கிப் பரிசோதனைக்கு நாள் குறித்தபோது, "அதுவரை எதற்காகக் காத்திருக்கிறோம் டாக்டர்?" என்று கேட்டார். இம்முறை அமர்ந்து, முழுவதும் சொன்னேன். நீங்களும் கேளுங்கள்.